முந்தி வந்தவன் காத்து நின்றான்



மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியுமுன்னே ஓடிப் பழகுகிறவர்கள் இன்று நம் ஊரில் பலர். அவர்களில் நம் சபைப் பிள்ளைகளும் உண்டு. சரீரத்தைப் பேணுவது நல்லது; அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஓட்டத்தோடு கூட ஒரு கெட்ட குணமும் உள்ளே நுழைகிறது. வேகமுள்ளவனுக்கே பாதை சொந்தம் என்ற எண்ணம் அது. பின்னாலிருந்து அதட்டி வழி கேட்பது, மெதுவாக வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பது, "நடக்கிறவர்களுக்குப் பந்தயத்தில் என்ன வேலை?" என்று கேட்பது, இவையெல்லாம் அதன் கனிகள். இது விளையாட்டு முறையும் அல்ல, விசுவாசிக்குத் தகுந்ததும் அல்ல என்று இந்த வாரம் உங்களோடு வழக்காட விரும்புகிறேன்.

இந்தக் குணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2019 ஏப்ரலில் நடந்த லண்டன் மாரத்தான் சாட்சி. மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதை ஏழரை மணி நேரத்தில் முடிக்க எண்ணியவர்களுக்குத் துணையாக, அந்த வேகத்தில் ஓடும் ஒருவரைப் போட்டி அமைப்பாளர்களே நியமித்திருந்தார்கள். ஆயினும் அந்தக் கடைசிக் கூட்டம் வருவதற்குள் தண்ணீர் மேசைகள் எடுக்கப்பட்டன. துப்புரவு வண்டிகள் அவர்களை நெருக்கிக்கொண்டு வந்தன. பணியாளர் சிலர் அவர்களுடைய உடற்பருமனைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று முறையீடு எழுந்தது. போட்டியின் இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். பின்னர் கடைசியில் வருகிறவர்களோடு கூடவே நடந்துவர ஒரு குழுவையும் ஏற்படுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள்: வெயில் ஏறியபின், தாகத்தோடு, ஏழு மணி நேரம் சாலையில் நிற்கிறவனுக்கா தண்ணீர் குறைவாகத் தேவை? இரண்டு மணி நேரத்தில் ஓடி முடித்தவனைவிட அவனுக்கே அது அதிகமாய்த் தேவை.

"மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் கடமை இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. 400 மீட்டர் ஓடுதளத்தில் பயிற்சி செய்யும்போது உள்வரிசையை வேகமானவருக்கு விட்டு, வெளிவரிசைக்கு ஒதுங்குவதே முறை. நால்வர் கைகோத்துச் சாலையை அடைத்துக்கொண்டு போவது தவறு. தொடக்கக் கோட்டில் தன் வேகத்துக்கு மிஞ்சிய முன்வரிசையில் போய் நிற்பதும் தவறு. ஆனால் முந்துகிறவனுடைய கடமை இவற்றிலும் பெரியது. அவனுக்கு முன்னே இருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். முன்னே போகிறவருக்கோ முதுகில் கண் இல்லை. ஆகவே சுற்றிப் போகவேண்டியவன் பின்னால் வருகிறவனே. தடகள விதிகளிலும் பிறரை இடித்துத் தள்ளி அவருடைய ஓட்டத்தைக் கெடுப்பவர் தகுதி நீக்கம் செய்யப்படலாம்.

நம் ஊரின் வழக்கம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிரிவலம் வருகிறவர்கள் சாலையின் இடப்பக்கமாகவே நடக்கவேண்டும் என்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்பது அவர்களுடைய நம்பிக்கை. நம்முடைய விசுவாசம் வேறு. என்றாலும், கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கே வழிவிட்டு நடக்கும் ஓர் ஊரில், கண்ணுக்கு முன்னே வெறுங்காலோடு நடந்துபோகும் ஒரு மூதாட்டியை அதட்டி ஒதுக்கிவிட்டு, மறுநாள் ஆராதனையில் அன்பைப்பற்றி நாம் பாடலாமா?

சிலர் வேத வசனத்தையே கையில் எடுப்பார்கள். பந்தயத்தில் எல்லாரும் ஓடினாலும் ஒருவனே பரிசு பெறுகிறான் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா என்பார்கள். எழுதினார். அதற்கு அடுத்த வசனங்களையும் வாசியுங்கள். அங்கே அவர் ஒடுக்குவது தம்முடைய சொந்தச் சரீரத்தை. பக்கத்தில் ஓடுகிறவனை அல்ல. அதே பவுல் தம் ஓட்டம் முடியும் வேளையில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, நீதியின் கிரீடம் தமக்கு மாத்திரமல்ல, கர்த்தர் வெளிப்படுவதை விரும்பும் அனைவருக்கும் உண்டென்கிறார். எபிரெயர் நிருபமும் நம்மிடம் கேட்பது வேகத்தை அல்ல, பொறுமையை.

உயிர்த்தெழுதலின் காலையில் நடந்த ஓட்டத்தை நினையுங்கள். பேதுருவும், இயேசுவுக்கு அன்பாயிருந்த சீஷனும் கல்லறைக்கு ஓடினார்கள். மற்றவன் பேதுருவைவிட விரைவாக ஓடி முந்தி வந்தான். குனிந்து பார்த்தான், உள்ளே போகவில்லை. பின்னால் வந்த பேதுருவே முதலில் உள்ளே போனான். ஏன் நின்றான் என்று யோவான் 20ஆம் அதிகாரம் சொல்லவில்லை. ஆனால் அவன் நின்றதைச் சொல்ல மறக்கவில்லை. மூன்றுமுறை மறுதலித்த பாரத்தைச் சுமந்துகொண்டு ஓடி வந்தவனுக்கு, முந்தி வந்தவன் வாசலை மறைக்காமல் இருந்தான். முந்தியது அவனுக்குக் குற்றமாகவில்லை. காத்திருந்ததால் அவன் எதையும் இழந்துபோகவுமில்லை. அவனும் உள்ளே போனான், கண்டு விசுவாசித்தான்.

உலகத்தாரிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. 1956இல் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலியத் தேசியப் போட்டியின் ஒரு மைல் ஓட்டத்தில் ரான் கிளார்க் என்ற இளைஞர் இடறி விழுந்தார். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய இரண்டாவது மனிதரான ஜான் லாண்டி அதே ஓட்டத்தில் இருந்தார். அவர் நின்றார், திரும்பி வந்து விழுந்தவரைப் பார்த்தார், பிறகுதான் ஓடினார். அந்தப் பந்தயத்தில் வென்றவரும் அவரே. வெல்லாமற் போயிருந்தாலும் அவர் செய்தது சரியே.

ஆகையால் பிரியமானவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். முந்தும்போது முன்கூட்டியே தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வழி கிடைத்தால் நன்றி சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் சுற்றிப் போங்கள். தண்ணீர் மேசையில் பின்வருகிறவர்களுக்கும் மிச்சம் வையுங்கள். பதக்கம் வாங்கியவுடன் வண்டியேறிப் போகாமல், கடைசி ஆள் வரும்வரை நின்று கைதட்டுங்கள். நம் சபை விளையாட்டு விழாவிலும் கடைசிப் பிள்ளை கோட்டைத் தொடுமுன் பரிசளிப்பு தொடங்கக் கூடாது; பெரியவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளவேண்டும்.

யாக்கோபு தன் அண்ணன் ஏசாவிடம், நீர் முன்னே போம், நான் பிள்ளைகளின் நடைக்கும் மந்தையின் நடைக்கும் ஏற்றபடி மெதுவாய் வருகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னான். நம் ஆண்டவரும் நம்மை அப்படியே நடத்தி வந்திருக்கிறார். நம்முடைய வேகத்துக்கு அவர் காத்திராவிட்டால் நம்மில் யார் இவ்வளவு தூரம் வந்திருப்போம்? அவர் காட்டிய பொறுமையை நமக்கு முன்னே நடக்கிறவருக்கு நாமும் காட்டுவோமாக. ஆமென்.