நீக்கிய அஞ்சலுக்குக் கெடு வைப்பது யார்?

ஐமேப் நெறிமுறையில் நீக்கம் இரண்டு படிகளில் நடக்கிறது. முதலில் அஞ்சலின் மேல் 'டெலீட்டட்' கொடி ஏறும். 'எக்ஸ்பஞ்ச்' கட்டளை வந்த பிறகே அது பெட்டியை விட்டுப் போகும். நீக்கியதைப் போட்டு வைக்கும் ட்ராஷ் கோப்புறை மெயில் கிளையன்ட்கள் தாமாக வளர்த்துக்கொண்ட வழக்கம். அதனால்தான் ஒரே பயனரின் கணக்கில் 'ட்ராஷ்', 'டெலீட்டட் ஐட்டம்ஸ்', 'டெலீட்டட் மெசேஜஸ்' என்று மூன்று கோப்புறைகள் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. எது உண்மையான ட்ராஷ் என்று சர்வரே அறிவிக்க 2011-இல் ஆர்எஃப்சி 6154 வழி செய்தது. டவ்காட் என்ற ஐமேப் சர்வரில் அதற்கு 'ஸ்பெஷல் யூஸ்' என்று ஒரு வரி போதும். அதைக்கூட எழுதாத சர்வர்கள் இன்னும் ஓடுகின்றன என்பதுதான் எரிச்சல்.

நீக்கிய அஞ்சல் எங்கே போகும், எப்போது அழியும் என்ற முடிவைக் கிளையன்ட்டிடம் விடக் கூடாது என்பது நம் கருத்து. கோட்டா நிரம்பிய பயனரை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் பண்ண அவர் ஓர் அஞ்சலை நீக்குகிறார். 'மூவ்' கட்டளை அறியாத பழைய கிளையன்ட் அதை முதலில் ட்ராஷுக்கு நகலெடுக்கும். பிறகுதான் மூலத்துக்குக் கொடி ஏற்றும். நகலுக்கு இடமில்லை, ஆகவே நீக்கமும் இல்லை. பெட்டி நிரம்பியதால் பெட்டியைக் காலி செய்ய முடியாத நிலை! ட்ராஷுக்கு மட்டும் நூறு எம்பி கூடுதல் கோட்டா கொடுத்தால் இந்தப் புகார் வராது.

அடுத்தது, ட்ராஷைத் தானாகக் காலி செய்வது. டவ்காட்டின் 'ஆட்டோஎக்ஸ்பஞ்ச்' முப்பது நாள் என்றால், அஞ்சல் ட்ராஷுக்குள் வந்த நாளிலிருந்து எண்ணும். பயனரின் இணைப்பு முடியும்போது வேலை செய்யும். மாதக்கணக்கில் உள்ளே வராதவர் பெட்டியை அது தொடாமல் போகலாம். அதற்காகக் கிரானில் 'டவ்அட்ம் எக்ஸ்பஞ்ச்' போடுகிறவர்கள் 'பிஃபோர்', 'சேவ்டுபிஃபோர்' இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது அஞ்சல் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கும். நகலெடுத்தாலும் அந்தத் தேதி பொதுவாக மாறாது. இரண்டு வருடப் பழைய அஞ்சலை நேற்றுத் தவறுதலாக நீக்கியவருக்கு இன்று காலையே அது இருக்காது. அங்கே வேண்டியது, ட்ராஷுக்குள் வந்த நாளைப் பார்க்கும் 'சேவ்டுபிஃபோர்'.

ஜிமெயில் கதை வேறு. அங்கே கோப்புறைகள் லேபிள்கள்தான். இயல்பான அமைப்பில், கிளையன்ட் எக்ஸ்பஞ்ச் செய்த அஞ்சல் 'ஆல் மெயில்' பகுதியில் தங்கிவிடும். ரகசியக் கோப்புகளைக் கையாளும் அலுவலகங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ட்ராஷையும் தாண்டி அழித்ததை மீட்க டவ்காட்டில் 'லேஸி எக்ஸ்பஞ்ச்' செருகுநிரல் இருக்கிறது. வட்டில் இடமிருந்தால் போடலாம். எப்படியானாலும், 'டவ்அட்ம் எக்ஸ்பஞ்ச்' ஓட்டும் முன் அதே நிபந்தனையோடு 'டவ்அட்ம் சர்ச்' ஓட்டி, என்னென்ன சிக்குகின்றன என்று பாருங்கள்.