நன்றி யாருக்கு?

ஜோகுபாளையத்துச் சந்துகளில் தமிழைக் கேட்டபடி நடக்கும் மாலைகளில், இந்நகரில் தமிழ் கற்கத் தொடங்கிய ஓர் அயர்லாந்துப் பெண் நினைவுக்கு வருவார். ஏமி கார்மைக்கேல் 1895இல் பெங்களூருக்கு வந்தார். பின்னர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று டோனாவூரில் நிலைத்தார். 1951 ஜனவரி 18 அன்று அங்கேயே மறைந்தார். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

இத்தகைய வாழ்வை நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்: மனநிறைவு. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்னும் பழமொழியும் துணைக்கு வந்துவிடுகிறது. ஆனால், மனநிறைவு என்பது குறை சொல்லாதிருத்தல் அன்று என்பதே என் கருத்து.

ஊழியத்தின் தோல்விகளையும் எதிர்ப்புகளையும் மறைக்காமல் கார்மைக்கேல் எழுதியனுப்பிய கையெழுத்துப்படியை, இன்னும் ஊக்கமூட்டும் விதத்தில் திருத்தித் தருமாறு இங்கிலாந்திலிருந்தோர் திருப்பியனுப்பினர். அவர் இணங்கவில்லை. 1903இல் அது வெளிவந்தபோது, 'உள்ளது உள்ளபடி' என்று பொருள்படும் தலைப்பையே தாங்கியிருந்தது. அனுப்பியவர்களை மகிழ்விக்க எழுதப்படும் நிறைவு வேறு. உண்மையைச் சொன்ன பிறகும் அவ்விடத்திலேயே தங்கிவிடும் நிறைவு வேறு.

நன்றிக்கும் இவ்வாறே ஓர் அளவுகோல் உண்டு. இறைவனுக்கும் நன்கொடையாளருக்கும் நன்றி கூறுதல் எளிது. உடனுழைத்த உள்ளூராரைப் பெயர் சொல்லி நினைப்பது அரிது. நெய்யூரில் கைக்குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்க் கைம்பெண். 1915இல் அவர் மறைந்தபின், அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார் கார்மைக்கேல். நம் சமயங்களையும் வழக்கங்களையும் இருளாக மட்டுமே கண்ட அவரது பார்வையை நான் ஏற்கவில்லை. எனினும், அந்நூல் கடனை ஒப்புக்கொண்ட நன்றி என்பதை மறுக்க இயலாது.

1931இல் விழுந்து காயமுற்ற அவர், எஞ்சிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளைப் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். தம் கல்லறைக்கு நினைவுக்கல் வேண்டாம் என்றார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, தாய் எனப் பொருள்படும் ஒரே சொல்லை மட்டும் பொறித்தனர். நன்றி எதிர்த்திசையிலும் பாய்ந்ததற்கு அதுவே சான்று.

இது பழங்கதை அன்று. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது முதல், நாமும் அனுப்புவோர் ஆகிவிட்டோம். மொழி தெரியாத மாநிலங்களுக்குப் பிள்ளைகளோடு செல்லும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் கடிதங்களில் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? எண்ணிக்கையையும் புன்னகைப் படங்களையுமே. 'களைத்துவிட்டோம்' என்று ஒருவர் எழுதினால், அவருடைய விசுவாசத்தையே ஐயுறுகிறோம்.

உண்மையை எழுத இடம் தராதவர்கள், அவர்களிடம் மனநிறைவை எதிர்பார்க்கும் உரிமையையும் இழக்கிறார்கள். அடுத்த கடிதத்திற்கு மறுமொழி எழுதும்போது, 'எத்தனை பேர் வந்தார்கள்?' என்பதற்கு முன்னர், 'அங்கே உங்களைத் தாங்குவோர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள்.