ஒருவர் அழைத்துப் போனாலும் சுற்றுலா சுற்றுலாதான்!

காலாண்டுத் தேர்வு முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அப்பா, அம்மாவுடன் கன்னியாகுமரிக்குப் போகிறார்கள். எதிர் வீட்டுப் பிள்ளைகள் திற்பரப்பு அருவிக்குப் போகிறார்கள்.

ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் எங்கும் போவதில்லை.

ஏன்? அந்த வீட்டில் அப்பா இல்லை. அல்லது அம்மா இல்லை.

இருப்பவர் ஒருவர். வேலைக்குப் போகிறவரும் அவரே. சோறு பொங்குகிறவரும் அவரே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருப்பவரும் அவரே. "நமக்கு எதற்குச் சுற்றுலா?" என்று அவர் சொல்லிவிடுகிறார். பிள்ளையும் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

இது சரியா?

சரி அல்ல. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் ஆண்டில் ஒரு நாளாவது பிள்ளையை வெளியே அழைத்துப் போகவேண்டும். அது ஆடம்பரம் அல்ல. சோறு, துணி போல அதுவும் பிள்ளைக்கு ஒரு தேவை.

அவர்கள் போவதற்கு ஊரும் அரசாங்கமும் வழி செய்யவேண்டும்.

எத்தனை வீடுகள்!

"அப்படிப்பட்ட வீடுகள் எங்கோ ஒன்று இரண்டுதானே இருக்கும்?" என்று சிலர் நினைக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அப்படி நினைக்க முடியாது.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. குளச்சல், மணக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அன்று தாயை இழந்த பிள்ளைகள் உண்டு. தந்தையை இழந்த பிள்ளைகளும் உண்டு.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் இருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களை வளர்த்தது யார்? தாய் ஒருத்திதான்.

இன்னொரு வகையும் உண்டு. கணவன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிறான். மற்ற நாள் எல்லாம் மனைவிதான் தாய், மனைவிதான் தந்தை.

மணமுறிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மனைவியை இழந்த ஆண்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சுமப்பது ஒரே சுமைதான்.

பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

தனியாக வளர்க்கும் தாயைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது?

அவள் ஓடுவதைப் பார்க்கிறது. கணக்குப் பார்ப்பதைப் பார்க்கிறது. சில இரவுகளில் அழுவதையும் பார்க்கிறது. அவள் ஓய்வாக உட்கார்ந்து சிரிப்பதைத்தான் பார்ப்பதில்லை.

சுற்றுலா போகும் ஒரு நாளில் அது கிடைக்கிறது. அன்று தாய்க்கு அடுப்பு இல்லை, முதலாளி இல்லை. முழு நாளும் அவள் பிள்ளைக்குச் சொந்தம். பஸ்சில் ஜன்னல் ஓரம் பிள்ளை உட்காருகிறது. "அம்மா, அது என்ன மலை? இது என்ன குளம்?" என்று கேட்கிறது. தாய் பதில் சொல்கிறாள்.

இதுவும் படிப்புதான்.

"தகப்பன் இல்லாத பிள்ளை உருப்படாது" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காமராசரைக் காட்டவேண்டும்.

காமராசர் சிறு பையனாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாய் சிவகாமி அம்மாள்தான் வளர்த்தார். அந்தப் பிள்ளை பிறகு முதல்-அமைச்சர் ஆனார். 1969-ம் ஆண்டு நாகர்கோவில் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் அவருக்கு மணி மண்டபம் இருக்கிறது. தந்தை இல்லாத பிள்ளையை அங்கே அழைத்துப் போய் இந்தக் கதையைச் சொல்லலாம்.

நல்ல நேரம் எது?

மேல் நாடுகளில் இந்தக் காலத்தை இலையுதிர் காலம் என்கிறார்கள். இலைகள் மஞ்சளாகி விழும். இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டு. பெற்றோர் பிள்ளைகளுடன் வெளியே கிளம்புவார்கள்.

நாஞ்சில் நாட்டில் இலை உதிராது. ஆனாலும் புரட்டாசி மாதத்துக்கு இங்கே தனி அழகு உண்டு.

கன்னிப்பூ நெல்லை அறுத்த வயலில் கும்பப்பூ நடவு தொடங்கும். தோவாளை பூச்சந்தையில் சரசுவதி பூசைக்காகப் பூக்கள் மலைபோல் குவியும். அக்டோபர் பிறந்தால் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குத் தூர தேசத்துப் பறவைகள் வரத் தொடங்கும். இந்தக் குளங்கள் 2022-ம் ஆண்டு உலகப் புகழ் பெற்ற ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பறவை பார்க்கக் கட்டணம் எதற்கு? குளக்கரையில் நின்றால் போதும்.

ஐப்பசி பிறந்தால் அடைமழை வந்துவிடும். ஆகவே புரட்டாசியிலேயே போய் வருவது நல்லது. காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

காசு அதிகம் வேண்டாம்

"காசுக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் பணம் இல்லாமல் போகலாம் என்று 2021-ம் ஆண்டு மே மாதம் தமிழக அரசு உத்தரவு போட்டது. அடுத்த ஆண்டு, 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கும் அரசு பஸ்சில் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தது. ஏறும்போதே "இது இலவச பஸ்சா?" என்று கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நாகர்கோவிலில் காலையில் பஸ் ஏறினால் முதலில் சுசீந்திரம். அங்கே இசைத் தூண்களையும், 18 அடி உயர அனுமாரையும் பார்க்கலாம். குளத்தில் பறவை பார்க்கலாம். பிறகு அதே வழியில் கன்னியாகுமரி.

அங்கே காந்தி மண்டபம் இருக்கிறது. 1948-ம் ஆண்டு காந்தி அடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி கடலில் கரைக்கப்படுவதற்கு முன் அங்கேதான் வைக்கப்பட்டது. 1956-ம் ஆண்டு மண்டபம் கட்டி முடிந்தது. அக்டோபர் 2-ந் தேதி நண்பகலில் சூரிய ஒளி கூரையில் உள்ள துவாரம் வழியாக வந்து, அஸ்தி வைத்த இடத்தில் விழும். அப்படிக் கட்டி இருக்கிறார்கள்! காந்தி பிறந்த நாளும் அதுதான். 1975-ம் ஆண்டு காமராசர் மறைந்த நாளும் அதுதான். பிள்ளை இதை மறக்குமா?

கோட்டை, அரண்மனை பார்க்க ஆசை உள்ள பிள்ளைக்குப் பத்மநாபபுரம் இருக்கிறது. தக்கலையில் இருந்து பக்கம்தான். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உண்ணும் மண்டபம் அங்கே உண்டு. சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் கலந்து போட்ட தரை இன்றும் கண்ணாடிபோல் மின்னுகிறது. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அன்று போய் ஏமாறக்கூடாது.

நவராத்திரிக்கு முன்னால் போனால் இன்னும் நல்லது. சரசுவதி அம்மன், வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று விக்கிரகங்களும் அரண்மனையில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும். மேளதாளமும் கூட்டமுமாகப் போகும் ஊர்வலத்தை வழி எங்கும் மக்கள் நின்று பார்ப்பார்கள்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு போதும். நாலு மட்டிப் பழம் எடுத்துக்கொண்டால் மாலை வரை பிள்ளை பசி என்று சொல்லாது.

கடலில் கவனம்!

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மற்றவர்களுக்கு நாலு கண். இவர்களுக்கு இரண்டு கண்தான்.

ஆகவே கடலில் இறங்கக்கூடாது. இந்தக் கடல் அமைதியாகத் தெரியும். திடீர் என்று அலை எழும். "கள்ளக்கடல்" என்று மீனவர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. 2024-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, ராஜாக்கமங்கலம் அருகே கடற்கரைக்குப் போன மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. வளர்ந்த பிள்ளைகளுக்கே அந்தக் கதி!

பாறைக்குப் போகும் படகிலும் யோசித்து ஏறவேண்டும். விவேகானந்தர் மண்டபத்தையும் 133 அடி உயர வள்ளுவர் சிலையையும் கரையில் நின்றே பார்க்கலாம். கைக்குழந்தையோடு நீண்ட வரிசையில் நிற்பது கடினம்.

அருவிக்குப் போவதானால் அன்றைய செய்தியைப் பார்க்கவேண்டும். வெள்ளம் வந்தால் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள்.

ஒக்கியில் தந்தையை இழந்த பிள்ளை, "கடல் வேண்டாம்" என்று சொல்லலாம். வற்புறுத்தக்கூடாது. அரண்மனை இருக்கிறது, தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது, 115 அடி உயர மாத்தூர் தொட்டிப் பாலம் இருக்கிறது.

இரண்டு வீடு சேரட்டும்

இன்னொரு யோசனையும் உண்டு. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போகலாம். ஒருவர் டிக்கெட் வாங்கும்போது, மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

1970-ம் ஆண்டு லண்டனில் "ஜிஞ்சர்பிரட்" என்ற சங்கம் தோன்றியது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களே கூடி அதை அமைத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் உதவுவதுதான் நோக்கம். இன்றும் அது நடக்கிறது.

நம் ஊரில் மகளிர் குழுக்கள் இருக்கின்றன. கடன் வாங்கவும் கட்டவும் வாரம்தோறும் கூடுகிறார்கள். அதே குழுவில் உள்ள நாலு தாய்மார்கள் ஒரு நாள் பிள்ளைகளுடன் கிளம்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஊர் வாயை மூடவேண்டும்

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை ஒன்று உண்டு. அதுதான் ஊர் வாய்.

கணவனை இழந்தவள் நல்ல சேலை கட்டிப் பிள்ளையுடன் பஸ் ஏறினால், "இவளுக்கு இப்பம் ஊர் சுத்துறது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

சட்டம் மாறிவிட்டது. 1999-ம் ஆண்டு, தாயும் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2016-ம் ஆண்டு பாஸ்போர்ட் விதியையே மாற்றினார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். வெளிநாடு போகவே ஒருவர் பெயர் போதும்! சுசீந்திரம் போக எத்தனை பேரின் அனுமதி வேண்டும்?

அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டது உண்டா? இல்லை. ஆகவே அவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்கத் தேவை இல்லை.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

மனைவியை இழந்த ஒருவன் ஏழு வயதுப் பெண் குழந்தையுடன் பஸ் நிலையத்தில் நிற்கிறான். குழந்தை "ஒண்ணுக்கு" என்கிறது. ஆண்கள் பக்கம் அழைத்துப் போக முடியாது. பெண்கள் பக்கம் இவன் போக முடியாது. தனியே அனுப்பவும் பயம். அவன் என்ன செய்வான்?

எட்டு வயதுப் பையனோடு வரும் தாய்க்கும் இதே கஷ்டம்தான்.

ஆண்கள், பெண்கள் என்ற இரண்டு கதவோடு, "குழந்தையுடன் வருபவர்" என்று மூன்றாவது கதவு ஒன்று வேண்டும். பஸ் நிலையத்திலும், மக்கள் கூடும் இடங்களிலும் இது இருக்கவேண்டும். கோடி ரூபாய்ச் செலவு அல்ல. ஒரு சிறு அறைதான்.

பை வைக்கும் இடமும் வேண்டும். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை என்றால் இரண்டாவது குழந்தையை எந்தக் கையால் பிடிப்பது?

தாய்மாருக்கு பஸ்சில் இலவசம். நல்லது. மனைவியை இழந்த ஏழைத் தந்தைக்கும், பிள்ளையுடன் போகும்போது ஒரு சலுகை தரலாம். அது நியாயம்.

இவை எல்லாம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். பிள்ளை காத்திருக்காது, வளர்ந்துவிடும். பத்து வயதில் பார்க்கவேண்டிய கடலை இருபது வயதில் பார்த்தால், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கமாட்டான்.

காலண்டரில் ஒரு நாளைக் குறியுங்கள். அந்தத் தேதியைப் பிள்ளையிடம் இன்றே சொல்லுங்கள். அன்று கட்டுச்சோற்றுடன் முதல் பஸ்சைப் பிடியுங்கள்!