பாதியில் நிற்கும் ஸ்டோரியை முடிப்பது எப்படி? சேத்தியாத்தோப்பிடம் கேட்போம்

2023 ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சின்னப் பேரூராட்சியின் பெயர் தமிழ்நாடு முழுக்க ஓடியது. சேத்தியாத்தோப்பு. அதுவரை கடலூர் மாவட்டத்துக்காரர்களையும் சென்னை - கும்பகோணம் பஸ்ஸில் போகிறவர்களையும் தாண்டி அந்தப் பெயர் அதிகம் வெளியே வந்ததில்லை. மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏழாவது சுற்று ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி, மைக்கேல்பட்டி என்று மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இருந்தன. "டெல்டாவில் சுரங்கமா?" என்று எல்லா கட்சியும் கொதித்தன. ஏப்ரல் 4-ல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8-ல், மூன்றையும் ஏலத்திலிருந்து நீக்கச் சொல்லிவிட்டதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

ஐந்தே நாள். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் பக்காவாக அமைந்த ஸ்டோரி. (எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் செய்தியை யாரும் செய்தி என்று சொல்வதில்லை, ஸ்டோரிதான்.) இப்படி ஒன்று கிடைத்தால் அதை முடிப்பதற்கு யாருக்கும் உந்துதல் எதுவும் தேவையில்லை. அது தானாக ஓடி, தானாக முடியும்.

மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டோரி ஆரம்பித்தது. அது அப்படி முடியவில்லை.

ஜூலை 26, 2023. சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி.யின் மண் அள்ளும் இயந்திரங்கள் போலீஸ் பாதுகாப்போடு இறங்கின. சுரங்க விரிவாக்கத்துக்காக பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேலை. மொத்தம் சுமார் 12 கிலோமீட்டரில் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி என்றது என்.எல்.சி. பயிருக்கு மேல் இயந்திரம் ஏறும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 28-ம் தேதி நெய்வேலியில் பா.ம.க. முற்றுகை, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. அன்றைக்கே, என்.எல்.சி. ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்பான வழக்கில், அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று வேதனையோடு கேட்டார் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.தண்டபாணி. ஆகஸ்ட் தொடக்கத்தில், பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட்டார்.

ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியது. ஊடகம் மொத்தமும் கூடவே நிலாவுக்குப் போய்விட்டது.

இதை நக்கலாகச் சொல்லவில்லை. நிலாவும் முக்கியமான ஸ்டோரிதான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் நடந்தது என்ன என்று யோசித்தால், நம்மில் யாரும் "வளையமாதேவி இனி வேண்டாம்" என்று முடிவெடுக்கவில்லை. ஆர்வம் போய்விட்டது, அவ்வளவுதான். டெஸ்க்கில் "அப்டேட் இருந்தா போடலாம்" என்ற வாக்கியம் வர ஆரம்பித்தால் அந்த ஸ்டோரி ஐ.சி.யூ.வில் இருக்கிறது என்று அர்த்தம். அப்டேட் தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது. ஒருவர் போய்க் கேட்டால்தான் அப்டேட்.

ஏன் போகிறது ஆர்வம்? சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஸ்டோரியின் ஆரம்பம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நடக்கிறது: வயல், சாலை, ஆஸ்பத்திரி வாசல். முடிவு காகிதத்தில் நடக்கிறது: இழப்பீட்டுப் பட்டியல், மேல்முறையீடு, அரசாணை, வாய்தா. முதலாவதைப் படம் பிடிக்கலாம். இரண்டாவதைப் படிக்கத்தான் முடியும், அதுவும் மூன்று முறை படித்தால்தான் புரியும். டேஷ்போர்டில் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும்போது, மூன்று முறை படிக்க யாருக்குப் பொறுமை?

ஆனால் நிஜமான ஸ்டோரி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. வளையமாதேவியையே எடுத்துக்கொள்வோம். இந்த நிலத்தை 2006-லிருந்து 2013-க்குள்ளேயே எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது என்பது என்.எல்.சி.யின் வாதம். இத்தனை வருடம் சும்மா விட்டுவைத்தீர்களே, நாங்கள்தானே உழுதோம், விதைத்தோம் என்பது விவசாயிகளின் வாதம். இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. 2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டத்தில் பிரிவு 101 என்று ஒன்று உண்டு. எடுத்த நிலத்தை ஐந்து வருடம் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அது பழைய உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. அப்படியானால் விவசாயிகள் ஜெயித்துவிட்டார்களா? இல்லை. தொழில் தேவைக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்கு என்று 1997-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதை மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி மாநில அரசு 2019-ல் மறுபடி உயிர்கொடுத்தது, உச்ச நீதிமன்றமும் 2021-ல் அது செல்லும் என்றது. அப்போது பிரிவு 101 தமிழ்நாட்டு விவசாயிக்குக் கிடைக்குமா, கிடைக்காதா? எரிகிற டயர் வீடியோவை விட இந்தக் கேள்வி பல ஆயிரம் ஏக்கருக்கு முக்கியம். ஆனால் இந்தப் பத்தியை நீங்கள் பாதியில் தாண்டி வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பரவாயில்லை, திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வாங்க.

ஏப்ரல் ஸ்டோரியும் உண்மையில் முடிந்துவிட்டதா? 2020-ல் வந்த காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன. அந்த மண்டலத்துக்குள் புதிதாக எண்ணெய், எரிவாயு போன்ற ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டம் கூடாது. ஆனால் ஏற்கெனவே நடக்கிற திட்டங்களை அந்தச் சட்டம் தொடாது. ஒரு சுற்று ஏலத்திலிருந்து ஒரு பெயரை எடுப்பது வேறு, பூமிக்கு அடியில் இருப்பதை யாரும் இனி கேட்க மாட்டார்கள் என்பது வேறு. நெய்வேலிக்காரர்களுக்கு இது புதிதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் நிறுவனம் பிறந்தது, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் "அடுத்து எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

இதே சேத்தியாத்தோப்பில் இன்னொரு ஸ்டோரி முப்பது வருஷத்துக்கு மேல் பாதியில் நின்றது. வீராணம். 1960-களின் இறுதியில் வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். பெரிய பெரிய கான்கிரீட் குழாய்கள் செய்தார்கள். திட்டம் நின்றது, 1976-ல் அமைந்த சர்க்காரியா கமிஷன் வரை விவகாரம் போனது. குழாய்கள் மட்டும் சாலையோரத்தில் அப்படியே கிடந்தன. வீடில்லாத குடும்பங்கள் அதற்குள் குடித்தனம் நடத்தின. ஒரு காலத்தில் சூடான அரசியல் செய்தி, பிறகு சினிமா ஜோக், அப்புறம் அதுவும் இல்லை. கடைசியில் 2004-ல், புதுக் குழாய்கள் போட்டு, ஏரித் தண்ணீரை சேத்தியாத்தோப்பிலிருந்து பம்ப் செய்து, வடக்குத்தில் சுத்திகரித்து, சுமார் 235 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்ட அளவு. சென்னை டெஸ்க்குகளில் உட்கார்ந்து "சேத்தியாத்தோப்பா, அதுல இப்ப என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் கையில் இருக்கிற டம்ளரில் அந்த ஊர்த் தண்ணீரும் ஒரு பங்கு இருக்கலாம்.

சரி, ஆர்வம் போன பிறகு எப்படி எழுதுவது?

ஆர்வம் திரும்பி வரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தால் நல்லது. அதை நம்பி வேலையை வைக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரு தேதி வேண்டும். கல்கி 1950-லிருந்து 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதினார். கதை தொடங்குகிற இடமே நம்ம வீராணம் ஏரிக்கரைதான். மூன்றரை வருடமும் அவருக்கு வந்தியத்தேவன் மேல் ஒரே மாதிரி ஆசை இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வாரப் பத்திரிகை வாராவாரம் கடைக்குப் போயாக வேண்டும், வாசகர் காத்திருக்கிறார். தொடர்கதை எழுதுகிறவருக்கு இருந்த இந்த வசதி எங்களுக்கு இல்லை. வளையமாதேவியின் அடுத்த அத்தியாயத்துக்காக எந்த வாசகரும் கடையில் வந்து நிற்பதில்லை. ஆகவே தேதியை நாமேதான் உருவாக்க வேண்டும். நீதிமன்றம் கெடு வைத்தால் அந்த நாள். கெடு வைக்காவிட்டால், சம்பவம் நடந்த மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். போன் காலண்டரில் போட்டுவிட்டால் போதும், அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை.

தேதியோடு ஒரு கேள்வியும் வேண்டும். "என்.எல்.சி. விவகாரம்" என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தால் அதை யாராலும் முடிக்க முடியாது. "ஏக்கருக்கு 40,000 எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்ததா?" என்று பெயர் வைத்தால் முடிக்கலாம். ஆம், இல்லை, பாதிப்பேருக்கு: மூன்றில் ஒன்று பதில். போர் அடிக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, இந்த ஸ்டோரியின் முடிவு எது என்று நமக்கே தெரியாததால் வருகிற களைப்பு. ஆர்வம் உச்சத்தில் இருக்கிற முதல் நாளிலேயே கேள்வியை எழுதி வைத்துவிட வேண்டும். மூன்றாம் மாதம் யோசித்தால் கேள்வி வராது, கொட்டாவிதான் வரும்.

அப்புறம், ஒரு ஆள். போபாலில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் யூனியன் கார்பைடு ஆலை ஆபத்தானது என்று 1982-ல் தன் சின்ன வாரப் பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1984 ஜூனில் 'ஜன்சத்தா'வில் மறுபடி எழுதினார். அதே வருடம் டிசம்பரில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அவரை அந்த விஷயத்துக்குள் இழுத்ததே, அந்த ஆலையில் விஷவாயு தாக்கி இறந்துபோன, அவருக்குத் தெரிந்த ஒரு தொழிலாளிதான். ஒரு மனிதரின் போன் நம்பர் கையில் இருக்கும் ஸ்டோரியை விடுவது கஷ்டம். அவருக்கு அது ஸ்டோரி இல்லை, அவர் காலையில் எழுந்தால் எதிரில் இருக்கிற வயல்.

எல்லா ஸ்டோரியையும் முடிக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். நடிகர் போட்ட ட்வீட்டுக்கு இன்னொரு நடிகர் பதில் சொன்னாரா என்பதை நிம்மதியாகப் பாதியில் விடலாம். யாருடைய நிலமும் பணமும் உயிரும் அதில் தொங்கிக்கொண்டு இல்லை. விசித்திரம் என்னவென்றால், அந்த மாதிரி ஸ்டோரிகளைத்தான் நாங்கள் 'பார்ட் 7' வரைக்கும் விடாமல் துரத்துகிறோம்.

காகிதத்தில் நடக்கிற முடிவு எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு வாச்சாத்தி போதும். 1992 ஜூன் 20-ல் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்துக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அதில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துபோனார்கள். 2011 செப்டம்பரில், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீடு. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 வருடம். நடுவில் எத்தனை வாய்தா, எத்தனை ஒத்திவைப்பு, எத்தனை "அப்டேட் ஒண்ணும் இல்ல" நாட்கள்! அந்த நாட்களில் வழக்கைச் சுமந்தவர்கள் அந்தக் கிராமத்துப் பெண்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும்தான். தீர்ப்பு அன்று எல்லா சேனலும் அங்கே நின்றது. தேதியைக் கவனியுங்கள்: வளையமாதேவியில் இயந்திரம் இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வாசகராக உங்களாலும் இதில் கொஞ்சம் செய்ய முடியும். சென்னை உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண் போட்டால் அடுத்த விசாரணை எப்போது என்று வந்துவிடும். நிலக்கரி அமைச்சகம் ஒவ்வொரு சுற்று ஏலத்துக்கும் பட்டியல் வெளியிடுகிறது. அதில் தேடும்போது ஒரு சின்ன விஷயம்: சேத்தியாத்தோப்பை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். 'யா' இருக்கும், இருக்காது, கடைசியில் 'பு' வரும், வராது. ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.