சந்திரசேகர் எல்லையைத் தாண்டிய நட்சத்திரம்

சென்ற இதழில் வெள்ளைக் குள்ளன்கள் எனப்படும் செத்த நட்சத்திரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள், பாடசாலை நூலகத்தில் ஏதோ ஒரு விஞ்ஞான சஞ்சிகையைப் புரட்டியபோது சந்திரசேகர் எல்லையை மீறி ஒரு நட்சத்திரம் வெடித்ததாகப் படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து தகப்பனைக் கேட்டிருக்கிறாள். அவர் என்னைக் கேட்டார்: "மாஸ்ரர், அப்ப எங்கட சந்திரசேகர் பிழை விட்டிட்டாரோ?"

குரலில் உண்மையான கவலை இருந்தது. ஆகவே இம்முறை வேறு விடயம் எழுதவிருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த எல்லை என்னவென்று பார்ப்போம். 1930இல் சென்னை மாகாணக் கல்லூரியில் படிப்பை முடித்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் சொந்த ஈர்ப்பினால் சுருங்குகிறது. ஓரளவுக்கு மேல் சுருங்கவிடாமல் அதைத் தாங்கி நிற்பவை உள்ளே நெருக்குண்ட இலத்திரன்கள். பூமியளவு உருவமும் சூரியனளவு திணிவும் கொண்ட வெள்ளைக் குள்ளன் இப்படித்தான் நிலைத்திருக்கிறது. ஆனால் திணிவு கூடக்கூட இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அதன்பின் அவற்றால் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாது. கப்பலில் இருந்தபடியே அந்த இளைஞர் இதைக் கணக்கிட்டார். பின்னர் திருத்தமாகக் கிடைத்த விடை, சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதற்குமேல் ஒரு வெள்ளைக் குள்ளன் நிலைக்க முடியாது.

1935இல் லண்டனில் றோயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அன்றைய பெரும்புள்ளி ஆதர் எடிங்டன் இதை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். நொபெல் பரிசு வந்தது 1983இல். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று வாசகர்களே கணக்குப் பார்க்கலாம்.

இனி வெடிப்புக்கு வருவோம். வெள்ளைக் குள்ளன் ஒன்று பக்கத்திலுள்ள துணை நட்சத்திரத்திடமிருந்து வாயுவை உறிஞ்சிக் கொழுத்துக்கொண்டே போகிறது. எல்லையை நெருங்கும்போது நடுவிலுள்ள காபன் தீப்பற்றுகிறது. சில விநாடிகளில் முழு நட்சத்திரமும் அணுக்குண்டுபோல் வெடித்துச் சிதறுகிறது. இதுதான் 1அ வகைச் சுப்பர்நோவா பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம்.

இவ்வளவு தூரத்தில் வெடித்தது எதுவென்று எப்படித் தெரியும்? நிறமாலைதான் சாட்சி. வெடிப்பின் ஒளியை வானவில்போலப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு மூலகமும் தனக்குரிய இடத்தில் தன் அடையாளத்தைப் பதித்திருக்கும். 1அ வகையில் ஐதரசன் இராது; சிவப்புப் பகுதியில் சிலிக்கனின் ஆழமான கோடு இருக்கும். அந்தக் கோடும் இருக்கவேண்டிய இடத்தில் இராமல் நீலப் பக்கமாகத் தள்ளி நிற்கும். நம்மை நோக்கி வரும் அம்புலன்சின் ஒலி மாறிக் கேட்பது போன்ற சங்கதி இது. எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்தால் சிதறிய பொருள் எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்று சொல்லிவிடலாம். சாதாரணமாக விநாடிக்குப் பத்தாயிரம் கிலோமீற்றரை ஒட்டியது.

எல்லா வெடிப்பும் ஒரே திணிவில் நடக்குமானால் எல்லாம் ஏறத்தாழ ஒரே பிரகாசமாகவே இருக்கவேண்டும். மங்கலாகத் தெரிவது தூரத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். இதையே அளவுகோலாக வைத்துத்தான் அண்டம் மேலும் மேலும் வேகமாக விரிகிறது என்று 1998இல் இரண்டு குழுவினர் அறிவித்தார்கள். 2011இல் அதற்கு நொபெல் பரிசும் கிடைத்தது. எனவே இந்த வெடிப்புகளில் ஒன்று குழப்படி செய்தால் அது சின்ன விடயமல்ல.

குழப்படிகள் முன்பே தொடங்கிவிட்டன. 1991இல் மட்டும் இரண்டு: ஒன்று அளவுக்கு மீறிப் பிரகாசம், அதன் ஆரம்ப நிறமாலையில் சிலிக்கனைத் தேடவேண்டியிருந்தது, மற்றது மங்கல், சிவப்பு. ஆனால் மகள் படித்த சங்கதி 2003இல் ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலுள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கியில் அகப்பட்டது. 2003 எஃப்-ஜி என்று பெயர். இதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அன்ட்ரூ ஹவல் அப்போது பணியாற்றியது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில். நம்மவர்கள் இத்தனை பேர் வாழும் நகரத்திலேயே நடந்த ஆராய்ச்சி இது.

இந்த வெடிப்பு வழமையைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசம். 1அ வகை ஒளிர்வதற்குக் காரணம் வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கல். அது ஆறு நாளில் பாதியாகக் குறைந்து கோபாற்றாகிறது. கோபாற்று 77 நாளில் பாதியாகி இரும்பாகிறது. வழக்கமாக 0.6 சூரியத் திணிவளவு நிக்கல் போதும். இந்தப் பிரகாசத்துக்கோ ஏறத்தாழ 1.3 தேவைப்பட்டது. நட்சத்திரத்துக்கு அனுமதிக்கப்பட்ட முழு நிறையே 1.4, அதில் நிக்கல் மட்டும் 1.3 என்றால் மிச்சத்துக்கு எங்கே இடம்? நிறமாலையிலோ சிலிக்கனும் இருந்தது, எரியாமல் மிஞ்சிய காபனின் தடயமும் இருந்தது. கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 2.1 சூரியத் திணிவு என்று வந்தது.

இன்னொரு சாட்சியும் சேர்ந்தது. இவ்வளவு பிரகாசமாக வெடித்தது வேகமாகச் சிதறியிருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சிலிக்கன் கோடு சொன்ன வேகமோ விநாடிக்கு எண்ணாயிரம் கிலோமீற்றர்தான். திணிவு கூடிய நட்சத்திரம் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்திருந்ததால் வெடிப்புச் சக்தியில் பெரும்பங்கு அந்தப் பிடியை அவிழ்ப்பதிலேயே செலவாகிவிட்டது என்று விளக்கினார்கள். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரகாசத்தில் தவறியிருக்கலாம் என்று ஐயப்படுபவருக்கு, அதோடு சம்பந்தமில்லாத வேறொரு அளவு வந்து அதையே சொல்கிறது.

அப்படியானால் சந்திரசேகர்? அவருடைய கணக்கு சுழலாமல் அமைதியாக இருக்கும் ஒரு வெள்ளைக் குள்ளனுக்கு உரியது. வெகு வேகமாகச் சுழல்வது கூடுதல் திணிவைச் சிறிது காலம் தாங்கலாம். இரண்டு வெள்ளைக் குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கி மோதினாலும் மொத்தத் திணிவு எல்லையை மீறும். 2009இலும் இதே இனத்தில் ஒன்று கிடைத்தது. பின்னர் இன்னும் சில. வெடித்ததைச் சுற்றிக் காபன் நிறைந்த போர்வை ஒன்று இருந்து, சிதறிய பொருள் அதில் மோதியதாலும் ஒளி கூடியிருக்கலாம் என்று இப்போது பலர் வாதாடுகிறார்கள். அது சரியானால் 2.1 என்ற கணக்கே குறைந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் 1930இன் கணக்கில் பிழையில்லை. அந்த எல்லைக்குப் போகாமலே வெடிப்பவையும் உண்டு என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஆட்டம் கண்டிருப்பது எல்லா வெடிப்பும் ஒரே வழியில்தான் நடக்கிறது என்ற நம்பிக்கை.

இதைச் சொன்னதும் தகப்பனுக்கு நிம்மதி. மகள் தொலைபேசியை வாங்கி, "வெடிச்சா ஒண்டும் மிஞ்சாதா?" என்றாள். நல்ல கேள்வி.

2008 நவம்பரில் அமெரிக்காவில் கரோலைன் மூர் என்ற பதினான்கு வயதுச் சிறுமி ஒரு சுப்பர்நோவாவைக் கண்டுபிடித்தாள். மிக மங்கலானது, பொருள் பறந்த வேகம் விநாடிக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர் அளவே. இப்படிச் சோம்பலாக வெடிப்பவற்றுக்கு இப்போது தனி வகையே வைத்திருக்கிறார்கள். 2012 ஜனவரியில் என்.ஜி.சி. 1309 என்ற மண்டலத்தில் அந்த வகையில் இன்னொன்று வெடித்தது. அதே மண்டலத்தில் 2002இல் நடந்த வேறொரு வெடிப்பின் தூரத்தைச் சரிபார்க்க ஹபிள் தொலைநோக்கி 2005, 2006இல் எடுத்த படங்கள் கையிருப்பில் இருந்தன. தேடிப் பார்த்தால், 2012இல் வெடித்த அதே இடத்தில் ஒரு நீல நட்சத்திரம். வெள்ளைக் குள்ளனுக்குத் தீனி போட்ட துணையாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

வெடிப்பின் ஒளி அடங்கும்வரை காத்திருந்து மீண்டும் படமெடுத்தார்கள். துணை மட்டும் பழையபடி இருக்கும், அல்லது ஒன்றுமே இராது என்பதுதான் எதிர்பார்ப்பு. 2022இல் வெளிவந்த முடிவு வேறு. அந்த இடத்தில் ஒளி இருந்தது; வெடிப்பதற்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. வெள்ளைக் குள்ளன் முழுவதும் சிதறாமல் ஒரு பகுதி தப்பி, சூடேறி ஊதிப்போய் நிற்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. வரும் ஆண்டுகளில் அந்த ஒளி மெல்ல மெல்ல மங்குகிறதா என்று பார்த்தபடி இருக்கிறார்கள்.