ஒரு மூடி நீர்



சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவர், தம் உடலின் வேதனைகளுள் தாகம் ஒன்றையே வாய்விட்டுச் சொன்னார். இத்தவக்காலத்தில் அத்தாகத்தைத் தியானிக்கையில், வேறொரு தவக்காலத்தில் தாகத்தால் மடிந்த எட்டுப் பேர் நம் நினைவுக்கு வருகின்றனர்.

1943 ஏப்ரல் 4, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. லிபியா நாட்டின் சோலுக் தளத்திலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள், இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று 'லேடி பி குட்'. அதிலிருந்த ஒன்பது பேருக்கும் அதுவே ஒன்றாகச் சென்ற முதல் போர்ப்பயணம். இலக்கைத் தாக்க இயலாமல், குண்டுகளைக் கடலில் எறிந்துவிட்டுத் தனியே திரும்பிய அவ்விமானம், இருளில் தன் தளத்தையும் கடந்து பாலைவனத்தின் மேல் பறந்துகொண்டேயிருந்தது. அந்நாளைய வானொலித் திசைகாட்டி, தளம் இருக்கும் கோட்டைக் காட்டுமேயன்றி, அது முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று காட்டாது. இதனால் நேர்ந்த குழப்பமே காரணம் என்பது பின்னாளில் ஆராய்ந்தவர்களின் முடிவு.

எரிபொருள் தீரும் நிலையில், பின்னிரவு 2 மணியளவில் அனைவரும் பாராசூட் அணிந்து குதித்தனர். ஒருவர் இறங்கும்போதே இறந்தார். எஞ்சிய எண்மர் மணலில் ஒன்றுகூடி, தளத்தை நாடி வடமேற்கே நடந்தனர். தளமோ 600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஆளில்லாமல் தரையிறங்கிய விமானம், உணவும் நீரும் உள்ளேயிருக்க, தெற்கே சுமார் 26 கிலோமீட்டர் தொலைவில் கிடந்தது. அதை அவர்கள் அறியார்.

1958-இல் எண்ணெய் தேடுவோர் வானிலிருந்து அவ்விமானத்தைக் கண்டனர். 1960-இல் ஐவரின் உடல்கள் ஒரே இடத்தில் கிடைத்தன. துணை விமானி இராபர்ட் டோனரின் சிறு நாட்குறிப்பும் அங்கிருந்தது. அரைக் குப்பி நீர். நாளொன்றுக்கு ஒரு மூடி. இதுவே அவர்கள் வகுத்துக்கொண்ட அளவு. ஐந்தாம் நாள், நடக்க வலுவுள்ள மூவர் உதவி தேடி முன்சென்றனர். மற்ற ஐவர் காத்திருந்தனர். ஏப்ரல் 11, பாடுகளின் ஞாயிறன்று, கண் மங்கி உடல் மெலிந்த நிலையில், இன்னும் செபிப்பதாக டோனர் எழுதுகிறார். நாவை நனைக்குமளவு நீர் மீதியிருந்ததாம். மறுநாளோடு எழுத்து நின்றுபோகிறது.

ஏழாம் நாளிலும் நீர் எப்படி மீந்தது? ஒருவர் முறைமீறி ஒரே மடக்கில் குடித்திருந்தால் அது என்றோ தீர்ந்திருக்கும். குண்டுவீசப் போனவர்களே அவர்கள். போரின் கொடுமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சாவின் வாயிலில், அடுத்தவனுடைய மூடி நீரை அவர்கள் காத்து வைத்தனர்.

கிணற்று நீரின் முறைக்காகப் பேச்சை முறித்துக்கொண்ட உடன்பிறந்தோரை நம் பங்குகளில் நாம் காண்கிறோம். வரப்பில் ஒரு முழம் குறைந்ததென்று, தாயின் அடக்கத்திற்கும் வராதவர் உண்டு. அவர்கள் கிணற்றில் நீர் இருக்கிறது, வயல் விளைகிறது, பிறன் பங்கைப் பொறுக்கும் மனம்தான் இல்லை. வெள்ளிதோறும் ஒருசந்தி காத்து, சிலுவைப் பாதையில் முழந்தாளிட்டு, அண்ணன் வீட்டு வாசலை மட்டும் மிதிக்க மறுப்போமானால், நம் தவம் யாருக்காக?

பாஸ்கா திருநாளுக்கு முன் அந்த வாசலுக்குச் சென்று வாருங்கள். முதலில் போகிறவர் தாழ்ந்துவிடமாட்டார். சிறியவருக்குக் கொடுத்த குளிர்ந்த நீரையும் ஆண்டவர் கணக்கில் வைக்கிறார் அல்லவா?

அந்த ஒன்பது பேரையும், அவர்களுள் அதிகாரபூர்வமாகக் கண்டெடுக்கப்படாமலே போன ஒருவரையும், போர்களில் இருதரப்பிலும் மாண்ட அனைவரையும் இம்மாதத் திருப்பலிகளில் நினைவுகூர்வோம். இறைவன் அவர்களுக்கு இளைப்பாற்றி அருள்வாராக!