கடல் கதவடைத்தால் கஞ்சி வார்ப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நாங்கள் நால்வர் பெங்களூரில் ஓர் உணவு விடுதிக்குச் சென்றோம். துளு நாட்டுச் சமையல். 'மர்வாய் சுக்கா' என்று ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தனர். தேங்காய்த் துருவலும் மிளகாயும் மணக்க, வாய் திறந்த மட்டிகள்! மூவர் கை நீட்டினோம். குமரி மாவட்டத்து நண்பர் மட்டும் தொடவில்லை. "பிடிக்காதா?" என்றோம். "பிடிக்காமல் என்ன? ஊரிலே சிப்பி எடுக்கும் வீட்டுப் பிள்ளை நான். எந்தக் கரையிலே, எந்த வாரத்திலே எடுத்தது என்று தெரியாமல் வாயில் வைக்க மனம் வரவில்லை" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. விழிஞ்சத்துச் செய்தியைச் சொன்னார். தட்டில் இருந்தது அப்படியே ஆறிப்போயிற்று.

அச்செய்தி இதுதான். 1997ஆம் ஆண்டு, குமரி எல்லையை அடுத்த கேரளக் கரையில் உள்ள விழிஞ்சத்தில், பாறைச் சிப்பியை உண்டவர்களுள் ஏழு பேர் மாண்டனர். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 1981இல் நம் தமிழகக் கரையில் மட்டி உண்ட 85 பேர் மருத்துவமனை புகுந்தனர், மூவர் மீளவில்லை. 1983இல் மங்களூர்க் கரையோரத்திலும் இதே நஞ்சு தலைகாட்டியது. அதனை ஆராய்ந்து உலகுக்கு எழுதியவர்கள் மங்களூர் மீன்வளக் கல்லூரி அறிஞர்கள். அக்கல்லூரி அந்நாளில் நம் பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தது. ஆகவே, "கடலில்லா ஊரில் கடல் பேச்சு எதற்கு?" என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. தட்டும் இங்கே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வேரும் இங்கே இருந்தது.

நஞ்சு எங்கிருந்து வருகிறது? மட்டியின் குற்றமன்று. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வாழ்கின்றன. வெப்பமும் ஊட்டமும் ஒத்துவரும் காலத்தில் அவை கோடி கோடியாகப் பெருகும். அவற்றுள் சில இனங்கள் நஞ்சு சுரப்பவை. மட்டியும் சிப்பியும் நீரை உறிஞ்சி, வடிகட்டி, அந்தப் பாசியையே உண்டு வாழ்பவை. நஞ்சு அவற்றின் தசையில் சேர்ந்துவிடுகிறது, அவை சாவதில்லை. உண்ட மனிதனுக்கோ முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால் தளரும். முற்றினால் மூச்சே நின்றுவிடும். மாற்று மருந்து இல்லை. செயற்கை மூச்சு கொடுத்துக் காத்திருப்பதே மருத்துவம். கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. மணத்தில் மாற்றமில்லை, சுவையில் மாற்றமில்லை. கடல் நிறம் மாறினால்தான் ஆபத்து என்பதும் உறுதியில்லை. நிறம் மாறாமலும் நஞ்சு ஏறலாம்.

அப்படியானால் காப்பு ஒன்றே ஒன்றுதான். சோதித்துப் பார்த்து, நஞ்சு வரம்பு கடந்தால், "இன்று முதல் மட்டி எடுக்காதே" என்று கரையை மூடுவது. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருத்தல் ஆகாது என்பது உலகம் ஒப்பிய அளவு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியும் அதையே சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் 2022இல் பாசிப் பெருக்கத் தகவல் சேவை ஒன்றையும் தொடங்கிவிட்டது. வானத்துச் செயற்கைக்கோள் கடலைப் பார்த்து எச்சரிக்கிறது. மெத்த மகிழ்ச்சி!

ஆனால் நண்பர்களே, செயற்கைக்கோள் எச்சரிக்கும்; அடுப்பை மூட்டுமா?

மட்டி எடுப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். விசைப்படகு வைத்திருப்பவர் அல்லர். இடுப்பளவு உப்பங்கழி நீரில் இறங்கி, காலால் துழாவி, கையால் அள்ளிக் கூடையில் போடும் பெண்கள். குமரிக் கரையில், கடலுக்குள் மூழ்கிப் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுக்கும் ஆண்கள். அன்று எடுத்தால் அன்று உலை. விற்றது போக மிஞ்சியதுதான் வீட்டுக் குழம்பு. இவர்களிடம் சென்று, "மூன்று வாரம் எடுக்காதே" என்று ஓர் அறிவிப்பைக் கரையில் ஒட்டிவிட்டு வந்தால் என்ன நடக்கும்? முதல் வாரம் கடன். இரண்டாம் வாரம் பட்டினி. மூன்றாம் வாரம் இருட்டில் இறங்கி எடுப்பார்கள். அவர்களும் உண்பார்கள், சந்தைக்கும் வரும், இரவு வண்டியேறி நம் தட்டுக்கும் வரும். ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே: நிவாரணம் இல்லாத தடை, தடையே அன்று. மட்டி எடுப்பவருக்குக் கொடுக்கும் பணம் தருமம் அன்று. ஊர் முழுவதன் உயிருக்குக் கட்டும் காப்புக் கட்டணம்.

இது புதிய தத்துவமா? இல்லை. நம் அரசுகள் முன்னமே ஒப்புக்கொண்டதுதான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன்வளம் பெருக வேண்டும் என்பதற்காகத் தடை. தொழில் இழந்த குடும்பத்திற்கு உதவித்தொகை. 5,000 ரூபாயாக இருந்த அத்தொகை 8,000 ஆக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். பொதுநலனுக்காக "எடுக்காதே" என்றால், எடுக்காதவனுக்குச் சோறு போடுவது அரசின் கடமை என்பது இதன் பொருள் அன்றோ? மீன் பிழைக்க ஒரு நீதி, மனிதன் பிழைக்க வேறொரு நீதியா?

பேரிடர் விதிகளைப் பாருங்கள். புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை என்று நீளும் நடுவணரசின் பட்டியலில் பூச்சித் தாக்குதலும் உண்டு. வயலைப் பூச்சி அரித்தால் பேரிடர். கடலை நஞ்சுப் பாசி பிடித்தால்? பட்டியலில் இடமில்லை. ஆனால் ஒரு வாசல் திறந்திருந்தது. 2022 முதல் 2026 வரைக்கான விதிகளில், மாநிலப் பேரிடர் நிதியில் பத்து விழுக்காடு வரை, அந்தந்த மாநிலம் தனக்கே உரிய பேரிடர் என்று அறிவித்தவற்றுக்குச் செலவிட இடமிருந்தது. அத்தகைய அறிவிப்பு ஆகாத காரியமன்று. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் கொள்கலன் கப்பல் மூழ்கியபோது, கேரள அரசு அதனை மாநிலப் பேரிடர் என அறிவித்து, மீனவர் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தது. தொகை சிறிது, வழி பெரிது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் தமிழக அரசு மீனவர் குடும்பங்களுக்கு உதவி அளித்தது. எண்ணெய்க்குக் கை நீண்டது. பாசிக்கு ஏன் நீளக்கூடாது?

"அது எப்போதோ நடப்பது, அதற்கொரு திட்டமா?" என்று கேட்பர் சிலர். எப்போதோதான் நடக்கும் என்றால், செலவும் எப்போதோதானே! மேலும், நஞ்சில்லாத பாசிகூடத் தொழிலைக் கெடுக்கும். மன்னார் வளைகுடாவில் மீனவர்கள் 'பூங்கோரை' என்று சொல்லும் பாசி 2008லும் 2019லும் பெருகியது, கடல் பச்சையாயிற்று, மீன்கள் செத்து மிதந்தன. "இயற்கையின் செயலுக்கு அரசு பொறுப்பா?" என்பர் வேறு சிலர். புயல் யார் செயல்? அதற்குக் கொடுக்கிறோமே! "போலிகள் புகுந்துவிடுவர்" என்பர் இன்னும் சிலர். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் போலியைத் தடுக்கும் வழி, பசித்தவனை விரட்டுவதன்று. முன்கூட்டியே பெயர் எழுதி வைப்பது.

பிற நாடுகள் நமக்குக் கற்பிப்பது இரண்டு பாடங்கள். கலிபோர்னியாவில் 2015 நவம்பரில் தொடங்க வேண்டிய நண்டுப் பருவம் பாசி நஞ்சால் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அமெரிக்க அரசு அதனைப் பேரிடர் என ஒப்பியது 2017 ஜனவரியில். பணம் ஒதுக்கியது 2018இல். செல்வம் கொழிக்கும் நாட்டிலும் நிவாரணம் ஆமை நடை நடந்தது! சிலி நாட்டின் சீலோயே தீவில், 2016இல், அரசு தந்த தொகை போதாது என்று மீனவர்கள் சாலைகளையே மறித்துவிட்டனர். காலம் தாழ்ந்த உதவியும் போதாத உதவியும் உதவி ஆகா என்பதே இவற்றின் சாரம்.

ஆகவே, வேண்டுவன நான்கு. நச்சுப் பாசிப் பெருக்கத்தைக் கரையோர மாநிலங்கள் தத்தம் பேரிடர்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மட்டி, சிப்பி எடுப்போரை, குறிப்பாகப் பெண்களை, கணவன் பெயரில் அல்லாது அவரவர் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். தடை விதித்த நாளிலிருந்து திறக்கும் நாள் வரை குறைந்தபட்சக் கூலியை வாரந்தோறும் கணக்கில் செலுத்த வேண்டும். மூடுவதற்கும் திறப்பதற்கும் சோதனைச் சாலையின் முடிவே அளவுகோல் ஆக வேண்டும். கரையிலேயே அந்த முடிவை எழுதி ஒட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? நம் மன்றத்தில் விலங்கியல் பயில்வோர் உண்டு. சட்டம் பயில்வோர் உண்டு. பொருளியல் பயில்வோரும் உண்டு. மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு விண்ணப்பம் உருவாகிவிடும். இரு மாநில மீன்வளத் துறைகளுக்கும் அதனை அனுப்புவோம். நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்துப் பாடிய மொழி நம் மொழி. நெய்தல் மக்களின் இரங்கலைத் தேர்வுக்குப் படித்தது போதும். அது தீர ஒரு வழி தேடுவோம்.

அந்த நண்பர் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்கிறார். அவர் ஊரில் சிப்பி எடுப்போர் எத்தனை பேர், பதிவு பெற்றோர் எத்தனை பேர் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மற்ற தோழர்களும் தத்தம் ஊர்க் கணக்கோடு திரும்புங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.